கத்திரி வைப்பதற்கு முன்: துணி சுருங்கும் கணக்கு

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தேன். மெரூன் நிறக் காட்டன் பிட், உள்ளே அதே நிறத்தில் லைனிங். போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. பத்து நாள் கழித்து, ஒரு தடவை துவைத்துவிட்டு, கையோடு எடுத்து வந்தார். "முதுகுப் பக்கம் உப்பிக்கிட்டு நிக்குது, பாரேம்மா" என்றார். மேஜையில் விரித்து உள்பக்கம் திருப்பினேன். பின்பாகத்தில் வெளித்துணி 14 இஞ்ச் அப்படியே இருந்தது. லைனிங் மட்டும் அரை இஞ்சுக்கு மேல் ஏறியிருந்தது. கழுத்தோரத்திலும் கீழ்ப்பட்டியிலும் இரண்டையும் சேர்த்துத் தைத்திருப்பதால், மிஞ்சிய வெளித்துணி போக இடமில்லாமல் நடுவில் மேடு கட்டி நின்றது. மேல்துணியை நனைத்திருந்தேன், லைனிங்கை நனைக்காமல் வெட்டிவிட்டேன். பிரித்து, புது லைனிங் வைத்துத் தைத்துக் கொடுக்க ஒரு முழு நாள் போனது.

துணி சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே உடுப்பில் சேர்ந்திருக்கும் இரண்டு துணிகள் வெவ்வேறு அளவில் சுருங்கும். ஒரே துணிகூட நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி சுருங்கும். தைத்ததைக் கெடுப்பது இந்த வித்தியாசம்தான். அதனால்தான் "கால் மீட்டர் சேர்த்து வாங்கிக்கோ" என்ற பொத்தாம்பொதுவான யோசனை போதாது என்கிறேன். ஒரு இஞ்ச் டேப், ஒரு வாளி, ஒரு பேனா இருந்தால் சரியாகவே கணக்குப் போடலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கும் நான் இன்று வரை செய்துவருவதை அப்படியே எழுதுகிறேன்.

துணி ஏன் சுருங்குகிறது

ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று பஞ்சாலைகள் ஓடிய ஊர் புதுச்சேரி. மில்லில் வேலை பார்த்த பெரியவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்பவர்களைக் கேட்டாலும் சரி. பாவு நூல் தொய்வாக இருந்தால் தறி ஓடாது என்பார்கள். நீளவாக்கில் ஓடும் பாவை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் குறுக்கே ஊடையை விட்டு நெய்கிறார்கள். அதற்குப் பிறகும் வெளுப்பது, சாயம் போடுவது, கஞ்சி போடுவது, உருளையில் சுற்றுவது என்று ஒவ்வொரு இடத்திலும் துணி நீளவாக்கிலேயே இழுபடுகிறது. கடையில் நாம் தொட்டுப் பார்ப்பது அந்த இழுவையோடு காய்ந்துபோன துணி. தண்ணீர் பட்டதும் இழுவை விட்டுப்போகிறது.

இரண்டாவது காரணம், பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துப் பருப்பது. வரிசையாக நட்ட குச்சிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை முன்னும் பின்னுமாக வளைத்து விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் தடித்தால் கயிறு அதிகம் வளைய வேண்டும், அதன் இரு முனைகளும் உள்ளே இழுபடும். துணியில் நடப்பதும் அதுதான். ஊடை பருக்கும்போது அதைச் சுற்றிப் போகும் பாவு அதிகமாக வளைகிறது, துணி குட்டையாகிறது.

பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. அதனால்தான் அது தண்ணீரில் அசைவதில்லை. அதை மாற்றுவது சூடு. அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் பாலியஸ்டர் சுருண்டுகொள்ளும்.

பாவுதான் அதிகம் இழுபட்டது என்பதால் பெரும்பாலான துணிகள் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். டாப்பின் உயரம் குறைவதும், பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறுவதும் இதனால்தான்.

எது எவ்வளவு சுருங்கும்

கடையில் நிற்கும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு தோராயம் வேண்டும். சாதாரண மில் காட்டன், பாப்ளின், கேம்பிரிக் எல்லாம் நீளத்தில் 3 முதல் 5 சதவீதம். கொஞ்சம் தளர்வாக நெய்த கைத்தறி 8, சில சமயம் 10 வரைகூடப் போகும். லினனும் ஏறக்குறைய காட்டன் மாதிரிதான், நனைக்காமல் தொடக் கூடாது. பின்னல் காட்டன், அதாவது டி-ஷர்ட் துணி, 5-க்கு மேல் போகும். தைத்த பிறகு நீளத்தில் ஏறி அகலத்தில் விரிவதும் உண்டு. பள்ளிச் சீருடைக்கு வரும் பாலியஸ்டர் கலந்த துணி 1, 2 சதவீதத்தோடு நின்றுவிடும். சுத்த பாலியஸ்டர் கிரேப், ஜார்ஜெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதில் எல்லோரும் ஏமாறுவது ரேயானில். வழவழவென்று தொங்கும், விலையும் கட்டுபடியாகும், குர்த்திக்கு ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் காட்டனைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். நீளத்தில் 8 சதவீதம் சுருங்கிய ரேயானை நான் அளந்திருக்கிறேன். 42 இஞ்ச் டாப்பில் அது மூன்றரை இஞ்சுக்குப் பக்கம். முழங்காலுக்குக் கீழே நின்ற டாப் முழங்காலுக்கு மேலே வந்துவிடும்.

துணியின் ஓரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி. சான்ஃபோர்ட் க்ளூயெட் என்ற அமெரிக்கர் 1930-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. துணியை மில்லிலேயே இயந்திரத்தில் கொடுத்து நீளவாக்கில் நெருக்கி, சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிவிடுகிறார்கள். அப்புறம் மிஞ்சுவது 1 சதவீதத்துக்குள்தான்.

கடைக்காரரிடம் கேட்பது தப்பில்லை. "சுருங்குமாண்ணா?" என்றால் "லேசா ஏறும்மா" என்பார். அந்த 'லேசா' எத்தனை இஞ்ச் என்பது உங்கள் வாளிக்குத்தான் தெரியும்.

அளந்து பார்ப்பது

ஒரே ஒரு குர்த்திக்கு இரண்டரை மீட்டர் வாங்கினால் தனியாகச் சோதனைத் துண்டு வெட்டுவது வீண். முழுத் துணியையும் நனைக்கத்தானே போகிறோம், அதிலேயே அளந்துகொள்ளலாம். ஒரே துணியில் ஏழெட்டு உடுப்பு தைக்கும்போதும், வீடு முழுக்க ஜன்னல் திரை தைக்கும்போதும், நனைக்காமல் வெட்டியே ஆக வேண்டும் என்ற நிலையிலும் சோதனைத் துண்டு அவசியம். ஜன்னல் திரைக்கு நான் கட்டாயம் என்பேன். 84 இஞ்ச் திரை 5 சதவீதம் சுருங்கினால் நாலு இஞ்சுக்கு மேல் போகும். கீழே வெளிச்சம் தெரியும்.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

1. துணியின் ஓரத்திலிருந்து நாலு இஞ்சாவது உள்ளே தள்ளி, 20 இஞ்சுக்கு 20 இஞ்ச் ஒரு சதுரம் குறியுங்கள். சாக்பீஸ், பென்சில் எல்லாம் தண்ணீரில் போய்விடும். வேறு நிற நூலில் நாலு மூலையிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு சின்னத் தையல் போட்டு முடிச்சிடுங்கள்.

2. எது நீளவாக்கு என்பதையும் நூலால் குறித்து வையுங்கள். சோதனைத் துண்டு என்றால் இது ரொம்ப முக்கியம், வெட்டிய சதுரத்தில் அப்புறம் பாவு எது, ஊடை எது என்று தேட வேண்டியிருக்கும். மறந்துவிட்டால் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீளாமல் விறைப்பாக நிற்பது பெரும்பாலும் பாவு.

3. உடுப்பை நாளைக்கு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவையுங்கள். மெஷினில் போடுவீர்கள் என்றால் மெஷினில், அதே சூட்டில், அதே சோப்பில். கையால் என்றால் கையால். பச்சைத் தண்ணீரில் சோதித்துவிட்டு, பிறகு வாரா வாரம் வெந்நீர் வாஷில் போட்டால் கணக்கு நிற்காது.

4. முழுக்கக் காய்ந்த பிறகு இஸ்திரி போட்டு, சூடு ஆறியதும் அளந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோர ஊர்களில் துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு இஸ்திரி போட்டால் துணி இழுபட்டு நீளும், அளவு பொய் சொல்லும். மழைக்காலத்தில் ஃபேனுக்குக் கீழே இன்னொரு நாள் போட்டு வைக்கிறேன்.

5. நீளத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அகலத்துக்கும் அப்படியே.

20 இஞ்ச் எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு இஞ்ச் குறைந்தால் 5 சதவீதம், கால் இஞ்ச் குறைந்தால் ஒன்றேகால் சதவீதம். மனக்கணக்காகவே வந்துவிடும். சென்டிமீட்டரில் பழகியவர்கள் 50 செ.மீ. எடுத்தால் அரை சென்டிமீட்டருக்கு 1 சதவீதம்.

கணக்கு

நான் கடைசியாக அளந்த ஒரு கைத்தறிக் காட்டனையே எடுத்துக்கொள்வோம். 20 இஞ்ச் நீளம் துவைத்த பிறகு 18¾ ஆனது. குறைந்தது 1¼ இஞ்ச், அதாவது 6.25 சதவீதம். அகலம் 19½ ஆனது, 2.5 சதவீதம்.

எனக்கு வெட்ட வேண்டியது இரண்டரை மீட்டர். எவ்வளவு வாங்க வேண்டும்? பலர் இங்கே இரண்டரை மீட்டரோடு 6.25 சதவீதத்தைக் கூட்டிவிடுவார்கள். அது சற்றுக் குறைவாக வரும், ஏனென்றால் கூட்டிய அந்தத் துண்டும் சேர்ந்துதான் சுருங்குகிறது. வகுக்க வேண்டும். நூறு பங்கில் 6.25 போனால் மிச்சம் 93.75. இரண்டரையை 0.9375-ஆல் வகுத்தால் 2.67 மீட்டர். கடையில் 2¾ கேட்டு வாங்கலாம். சின்னச் சுருக்கத்துக்குக் கூட்டுவதும் வகுப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். 10 சதவீதம் சுருங்கும் துணியில் 3 மீட்டருக்குக் கூட்டினால் 3.30, வகுத்தால் 3.33. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம், ஒரு கீழ் மடிப்பு அளவு.

அகலத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 44 இஞ்ச் பன்னா, அதாவது கரைக்குக் கரை அகலம், உள்ள அந்தத் துணி நனைந்ததும் 42.9 இஞ்ச் ஆகிவிட்டது. முன்பாகம் 22, பின்பாகம் 22 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டலாம் என்று திட்டம் போட்டிருந்தால் அது இனி நடக்காது. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்க வேண்டும், தேவைப்படும் நீளமே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால் பன்னாவுக்கு ஒட்டி வரும் டிசைன் என்றால் முதலில் அகலச் சுருக்கத்தைப் பாருங்கள், அப்புறம் நீளம்.

இறுக்கமான உடுப்புக்கு அகலம் இன்னும் முக்கியம். மார்பளவு 36, இரண்டு இஞ்ச் லூஸ் விட்டு 38-க்குத் தைத்தால், 5 சதவீத அகலச் சுருக்கம் 1.9 இஞ்சை எடுத்துக்கொள்ளும். விட்ட லூஸ் மொத்தமும் ஒரே வாஷில் போய்விட்டது. கையைத் தூக்க முடியாது.

முழுத் துணியையும் நனைப்பது

வெட்டிய முனைகளை முதலில் கவனியுங்கள். பிசிறு வந்தால் தண்ணீரில் நூல் சிக்கிக்கொள்ளும். ஓவர்லாக் இல்லையென்றால் மெஷினில் சிக்ஜாக், அதுவும் இல்லையென்றால் பெரிய தையலாக ஒரு ஓட்டம் போதும். துணியின் கரை கெட்டியாக நெய்யப்பட்டிருந்தால், நாலைந்து இஞ்சுக்கு ஒரு இடத்தில் சாய்வாக ஒரு சின்ன வெட்டு கொடுப்பேன். கரை தனியாக இழுத்துக்கொண்டு நடுத்துணியைச் சுருக்கிவிடாமல் இருக்க அது உதவும்.

வாளியில் துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். காட்டனுக்குக் கை பொறுக்கும் சூடு. உருண்டையாகத் திணிக்காமல், விசிறி மடிப்பாக மடித்துப் போடுங்கள், எல்லா இடமும் ஒரே மாதிரி நனையும். கஞ்சி போட்ட விறைப்பான துணியும், வெளுக்காத கோராத் துணியும் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. அவற்றை ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை அலசுங்கள். மற்ற காட்டனுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

அடர்ந்த சிவப்பு, இண்டிகோ நீலம், கறுப்பு எல்லாம் தனித்தனியாக. சாயம் நிற்கட்டும் என்று நம் வீடுகளில் ஒரு பிடி கல்லுப்புப் போடும் வழக்கம் இருக்கிறது. போட்டால் போடுங்கள். சுருங்குவதற்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்லை. கடலோரத்தில் போர் தண்ணீர் சவராக இருக்கும் தெருக்களில் துவைத்த துணி மொடமொடவென்று நிற்கும். சோப்பும் தண்ணீரும் சேர்ந்து படிந்த பிசுக்கு அது. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தண்ணீரில் கடைசி அலசல் கொடுத்தால் மிருதுவாகிவிடும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். முறுக்கினால் நேராக ஓடும் இழை கோணலாகிவிடும், அந்தத் துணியில் வெட்டும் டாப் துவைக்கத் துவைக்க ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே போகும். ரேயான் நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அதை அமுக்கித் தண்ணீரை எடுத்து, ஒரு பழைய துண்டில் சுருட்டி ஒற்றி எடுங்கள்.

கொடியில் போடும்போது ஒரு முனையில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டாம். தண்ணீர்ப் பாரம் துணியை நீளமாக இழுக்கும், நாம் விடுவிக்கப் பார்த்த இழுவையை நாமே மறுபடி ஏற்றிய மாதிரி ஆகிவிடும். அகலவாக்கில் பாதிப் பாதியாகக் கொடியின் இருபுறமும் விழும்படி நிழலில் போடுங்கள். பின்னல் துணியையும் ரேயானையும் பாயில் விரித்துக் காயவைப்பது இன்னும் நல்லது.

கைத்தறி, ரேயான், பின்னல் துணி மூன்றுக்கும் ஒரு தண்ணி போதாது. முதல் தடவையில் பெரும்பகுதி ஏறிவிடும், மிச்சம் இரண்டாவது, மூன்றாவது தண்ணியில் ஏறும். நூல் குறிகளை ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றுபோல வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

காய்ந்ததும் இஸ்திரி. பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகு குறுக்கே ஒரு இழையை உருவி, அந்தக் கோட்டில் முனையை நேர்செய்யுங்கள். கரையோடு கரை சேர்த்து மடிக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று சேராமல் கோணி நின்றால், குட்டையாக இருக்கும் மூலையையும் அதற்கு எதிர்மூலையையும் இரண்டு பேர் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டால் நேராகும். இப்போது அளந்து, இப்போது மார்க் போட்டு, கத்திரியை எடுக்கலாம்.

லைனிங், ஃபால்ஸ், நாடா

முதலில் சொன்ன ஜாக்கெட்டின் கதை இங்கேதான் வருகிறது. உடுப்பில் சேரும் ஒவ்வொன்றும் தனியாக நனைய வேண்டும்.

பட்டு ஜாக்கெட்டை டிரை கிளீனிங்குக்குத்தான் கொடுப்பேன், லைனிங்கை எதற்கு நனைக்க வேண்டும் என்று கேட்பார்கள். வியர்வை படுவது லைனிங்கில்தான். அக்குள் பக்கம் ஒரு நாள் யாராவது தண்ணீர் தொட்டுத் துடைப்பார்கள், நீராவி இஸ்திரி போடுவார்கள். காட்டன் லைனிங் அதற்கே இழுத்துக்கொள்ளும். நனைத்துவிடுங்கள்.

புடவை ஃபால்ஸை நனைக்காமல் தைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமா? முதல் துவைப்புக்குப் பிறகு புடவையின் கீழ்க்கரை கொசுவத்துக்கு நேராகச் சுருக்கு விழுந்து, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாமல் நிற்கும். பட்டி மாதிரி மடித்து வரும் ஃபால்ஸைப் பிரித்து வெந்நீரில் ஊறப் போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுத் தையுங்கள். காட்டன் புடவை என்றால் புடவையையும் ஒரு தண்ணி நனைத்துவிட்டுத்தான் ஃபால்ஸ் வைக்க வேண்டும். இல்லையென்றால் புடவை சுருங்கி ஃபால்ஸ் தொங்கும்.

உள்பாவாடை நாடா, காட்டன் லேஸ், பைப்பிங்குக்கு உள்ளே வைக்கும் கயிறு, இவற்றையும் ஒரு குவளை வெந்நீரில் போட்டு எடுங்கள். ஐந்து நிமிட வேலை. சட்டைக் காலருக்கு வைக்கும் காட்டன் கேன்வாஸும் அப்படியே. இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸை மட்டும் வெந்நீரில் போடாதீர்கள், பசை கெட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து, பிழியாமல், விரித்துக் காயவையுங்கள்.

நனைக்க முடியாத துணி

ஜரிகைப் பட்டு, வெல்வெட், கல் பதித்த துணி எல்லாம் வாளிக்குள் போகாது. பட்டுக்கு நீராவி. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் அரை இஞ்ச் மேலே பிடித்து, ஆவி படும்படி மெதுவாக நகர்த்தி, ஆறவிட்டு, பிறகு வெட்டுங்கள். ஜரிகையில் முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

புதுத்துணி விறைப்பு போகக் கூடாது, நனைக்காமல்தான் தைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் பேட்டர்னைப் பெரிதாக்க வேண்டியதுதான். நீள அளவுகளை எல்லாம் நீளச் சுருக்கத்தாலும், அகல அளவுகளை எல்லாம் அகலச் சுருக்கத்தாலும் தனித்தனியாக வகுங்கள். மேலே சொன்ன கைத்தறியில் 40 இஞ்ச் உயரம் வேண்டுமென்றால் 40-ஐ 0.9375-ஆல் வகுத்து 42.7. டாட் (உடம்புக்கு ஒட்ட மடித்துப் பிடிக்கும் தையல்) நுனி, இடுப்பு, முழங்கை எல்லாமே நீளத்தில் இருக்கும் புள்ளிகள், அவையும் அதே விகிதத்தில் கீழே இறங்க வேண்டும். கீழே மட்டும் மூன்று இஞ்ச் கூட்டிவிட்டால் உயரம் சரியாக வரும், இடுப்பு மேலே ஏறிவிடும். இழைக்குச் சாய்வாக வெட்டும் கிராஸ் பீஸில் இரண்டு சுருக்கமும் கலந்து வரும் என்பதால், கிராஸாக வெட்டும் உடுப்பை நனைக்காத துணியில் நான் ஒப்புக்கொள்வதில்லை.

குழந்தைகளுக்கு என்றால் நம் பாட்டிமார் வழி ஒன்று இருக்கிறது. பட்டுப் பாவாடையில் கீழ் மடிப்புக்கு மேலே உள்பக்கமாக டக் பிடித்து வைப்பார்கள், குழந்தை வளர வளரப் பிரித்துவிடுவார்கள். காட்டன் கவுனிலும் ஒரு இஞ்ச் டக் பிடித்து வையுங்கள். மிச்சச் சுருக்கத்துக்கும் சேர்த்து அது ஈடு கொடுக்கும்.

டெய்லரிடம் கொடுக்கும்போது

நீங்களே தைக்காதவர் என்றால், துணியோடு "நனைச்சாச்சு" அல்லது "நனைக்கலைங்க" என்று சொல்லிக் கொடுங்கள். லைனிங்கை அவர் வாங்குவதாக இருந்தால் அதையும் நனைத்துத் தைக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இதைக் கேட்டால் யாராலும் செய்ய முடியாது.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துணியிலும் இரண்டு இஞ்ச் துண்டு வெட்டி ஒட்டி, பக்கத்தில் எந்தத் தெருவில் வாங்கியது, எத்தனை தண்ணி நனைத்தது, நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போகும்போது அந்த நோட்டு பையில் இருக்கும். துணியைத் தொட்டுப் பார்த்து, நோட்டில் அதே மாதிரி நெசவைத் தேடி, அங்கேயே வகுத்து மீட்டர் கேட்கிறேன். மெரூன் லைனிங்கின் துண்டு முதல் பக்கத்தில் இருக்கிறது: நீளம் 4, அகலம் 1½.